எழுதியது: நான்

"சார், முதல் திரையில 'எழுதியது: நான்'னு போட்டிருக்கு. அந்த நான் யாரு சார்?" என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டாள்.

யோக்கியனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு விநாடி தயங்கியிருப்பான். எனக்குத் தயங்குகிற வழக்கம் கிடையாது; வாய் முந்திக்கொள்ளும். "நான்தான்" என்றேன்.

பழைய கணினிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். முப்பத்தேழு வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு போட்டியின் பெட்டி ஏதோ கிடங்கில் அகப்பட்டதாம். பெட்டிக்குள் ஒரு ஃபிளாப்பி, அதற்குள் 'பதினேழு கதவு' என்ற விளையாட்டு. படம் கிடையாது, ஓசை கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். நீங்கள் ஒரு வீட்டுக்குள் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். 'கதவு திற', 'விளக்கு எடு' என்று நீங்கள் தட்டினால் அடுத்து என்ன நடந்தது என்று சொல்லும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும், அந்தக் காலத்து ஏற்பாடு அப்படி. அவ்வளவுதான் விளையாட்டு. இதை விவரித்தால் என் மகள் மரியாதைக்காகக்கூடக் கொட்டாவியை அடக்குவதில்லை.

"போட்டி ரிஜிஸ்டர்ல உங்க பேரு இருக்கு சார். முதல் பரிசு! உங்கள எப்படித் தேடிக் கண்டுபிடிச்சோம் தெரியுமா?" அவள் குரலில் அப்படி ஒரு குதூகலம். "சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்காட்சி திறக்கிறோம். நீங்களே வந்து எல்லார் முன்னாடியும் கடைசி வரைக்கும் விளையாடிக் காட்டணும். ஏன்னா நாங்க பதினேழாவது கதவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறோம். அந்த அம்மா சாவியக் குடுக்கவே மாட்டேங்கிறாங்க. ப்ரோக்ராமை உடைச்சுப் பாத்துடலாம்தான். எழுதினவரே இருக்கும்போது அது எதுக்கு?"

"அதானே" என்றேன்.

அந்த அம்மாள் எனக்கும் சாவியைக் கொடுத்ததில்லை.

விளையாட்டை எழுதியது என் அக்கா. அப்போது அவளுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினேழு. ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் காலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அங்கே வகுப்பு இல்லை. அறைச் சாவி இவளிடம் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கணினிக்குத் தூசி ஆகாதாம். ஜன்னலுக்குக் கெட்டித் திரை, உள்ளே பல் கிட்டும் குளிர், மூன்றே மூன்று கணினிகள். அவற்றில் ஒன்றின் முன்னால் என்னை உட்காரவைத்து, "தம்பி, இன்னிக்கு ரெண்டு கதவு புதுசு" என்பாள். எனக்கு உலகமே அதுதான். பள்ளிக்கூடம், பந்து விளையாட்டு, சினிமா ஒன்றும் வேண்டாம் என்று இருந்த வருடம் அது.

அவள் விளையாட்டில் என்ன விசேஷம் என்றால், எதைத் தட்டினாலும் ஒரு பதில் இருக்கும். 'சுவர் இடி' என்றால், "முட்டிக்கொண்டதுதான் மிச்சம். நெற்றி வீங்கியிருக்கிறது." 'விளக்கு தின்னு' என்றால், "பசி அவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டதா? பொறுங்கள், அடுத்த அறையில் ரொட்டி இருக்கிறது." ஒரு நாள் ஆத்திரத்தில் 'அழு' என்று தட்டினேன். "அழுகிறீர்கள். வீட்டில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழ முடிகிறது" என்று வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். நான் அதைத் தட்டுவேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

பதினேழாவது கதவில்தான் வந்தது வினை. "கதவை ஒட்டி முக்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சாவி." 'சாவி கொடு' என்றேன். "அம்மாள் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார்." 'சாவி பிடுங்கு' என்றேன். "புறங்கையில் ஓர் அடி விழுகிறது." 'கெஞ்சு' என்றால், "கெஞ்சல் பிரமாதம். சாவி மடியிலேயே இருக்கிறது." 'கத்து' என்றால், "அம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும்." இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உள்ளே புகுந்து பார்க்கலாம் என்றால் ப்ரோக்ராமின் நிரலைப் பூட்டி வைத்திருந்தாள்.

"ஏய் சோடாபுட்டி, சொல்லித் தொலையேன்!"

"நீயா கண்டுபிடி மண்டு" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

முதல் திரையில் பெயர் போடச் சொன்னதும் நான்தான். 'எழுதியது: நான்' என்று போட்டாள். "பேர் எதுக்குடா? யார் உக்காந்து வாசிக்கிறாங்களோ அவங்க நான்னு வாசிச்சுட்டுப் போகட்டும். நல்லாயிருக்குல்ல?" என்றாள். நல்லாத்தான் இருந்தது.

பிறகு ஒரு போட்டி அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதிய நிரலைக் கொடுக்கலாம். முதல் பரிசு, ஒரு பெரிய கல்லூரியில் இரண்டு வருடக் கணினிப் படிப்புக்கு இடம். அக்கா அதற்காகவே கடைசி மாதம் முழுவதும் உழைத்தாள். கடைசித் தேதி அன்றைக்குப் பார்த்து மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். ஃபிளாப்பியை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நூலால் கட்டி என் கையில் கொடுத்து, "மடிச்சுடாதடா. வெயில் படாம கொண்டு போ" என்றாள்.

மடிக்காமல்தான் கொண்டு போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயே எழுதினியா தம்பி? இந்த வயசுலயா?" என்றார். அந்த 'இந்த வயசுலயா' இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படி வியந்து பார்த்ததில்லை. தலையை ஆட்டினேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். எழுதி முடித்து மை காய ஊதினார். அதுவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. "இல்ல சார், எங்கக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுக்கு வந்து, "நேரம் முடிஞ்சு போச்சுன்னு வாங்க மாட்டேன்னுட்டாங்க" என்று சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "சரி விடு. வெயில்ல அலைஞ்சிருக்க. தண்ணி குடி" என்றாள். ஃபிளாப்பி எங்கே என்று கேட்டாள். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றேன். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே ஒரு ஃபிளாப்பிதான். பரிசு வந்தபோது, நான் எழுதிய ஒரு காலண்டர் நிரலைத் தனியாக முன்னமே கொடுத்திருந்ததாகப் பூசி மெழுகினேன். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் படிப்பு, அதனால் வேலை, அதனால் பதவி, இப்போது அறைக்கு வெளியே பெயர்ப்பலகை. அக்கா ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இப்போது ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் தொலைத்தேன் என்று நான் புளுகியதற்கு ஆயுசு முழுக்க அவள் உலகத்தார் தொலைத்ததையெல்லாம் பத்திரப்படுத்துகிறாள். கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி.

எனக்கு அந்த மோகம் மட்டும் விடவில்லை. எழுத்தாலான பழைய விளையாட்டு எது அகப்பட்டாலும் தேடிப் பிடித்து விளையாடியிருக்கிறேன். குகை, கப்பல், பாழடைந்த மாளிகை, எல்லாம் ஆயிற்று. கறுப்புத் திரையில் அந்தப் பச்சைக் கட்டம் மினுக்கிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரு தடவை 'அழு' என்று தட்டிப் பார்ப்பேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றுதான் எல்லாம் சொல்லின. அக்கா பிறகு ஒன்றுமே எழுதவில்லை, நான்தான் அவள் கையை ஒடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு சொத்தைப் பல் மாதிரி. மறுபக்கமாக மென்றே காலத்தை ஓட்டிவிடலாம்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. விடையைக் கறக்கப் போனேன்.

முதல் நடைமேடையின் கோடியில் அவள் அலுவலகம். குறுக்கே ஒரு மர மேசை. அதற்கு இந்தப் பக்கம் பொதுமக்கள் நிற்க இடம், அந்தப் பக்கம் இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய அட்டை, அதில் தேதி, ரயில், பெட்டி. நாற்பது குடை இருக்கும். ஒற்றை ஊன்றுகோல் ஒன்று, கண்ணாடிக் குப்பியில் ஒரு பல்செட். நான் போனபோது அக்கா ஒரு தடித்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பையி நீலக் கலர்ங்க. அதோ, அதுதான்!" என்று அவர் கையை நீட்டினார்.

"நீலம்னு இங்கேருந்து பாத்தாலே தெரியுதே. உங்க பையில எது ரிப்பேரு, அதச் சொல்லுங்க."

ஆள் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, "சைடு ஜிப்பு! பாதிக்கு மேல வராது" என்றார். அக்கா பையை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினாள்.

"அழகைத் தூரத்துலேருந்து யாரு வேணா சொல்லலாம்" என்றாள் என்னிடம். "வச்சிருந்தவனுக்குத்தான் குறை தெரியும். என்னடா இந்தப் பக்கம்? எதத் தொலைச்ச?"

"ஒண்ணுமில்ல. சும்மா உன்னப் பாக்கணும்னு தோணுச்சு."

"சும்மா வர்ற ஆளா நீ? முழி சரியில்லையே."

அவளுடைய மூட்டு வலியை விசாரித்தேன். என் மகள் படிப்பைப் பற்றிச் சொன்னேன். குடைகளை எண்ணினேன். அப்புறம், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "அக்கா, அந்தக் காலத்துல ஒரு கேம் எழுதினியே, பதினேழு கதவு. அதுல கடைசியில ஒரு அம்மா உக்காந்திருப்பாங்களே. சாவிய எப்படித்தான் வாங்குறது? இப்ப நினைச்சாலும் மண்டை காயுது" என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தனை வருஷமாவா யோசிக்கிற?"

"சொல்லேன்."

"என்னன்னு கேட்ட?"

"கொடு, குடு, தா, தந்துவிடு... எல்லாம் கேட்டாச்சு."

"கொடுங்கன்னு கேட்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"சாவி கொடுங்க. ஒரு 'ங்க' போட்டா முடிஞ்சுது. வயசுல பெரியவங்க உக்காந்திருக்காங்க, வந்து நின்னு கொடு, பிடுங்குன்னா யாரு கொடுப்பா? விளையாட்டு முழுக்க உன்ன நீங்க, நீங்கன்னுதானே பேசுச்சு? உனக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லத் தோணலையே!" சிரித்தாள். "உனக்காகத்தாண்டா அதை வச்சேன். சோடாபுட்டி, வாடி, போடின்னு அப்பல்லாம் என்னா வாயி!"

நானும் சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் ஒன்று நெரிந்தது. ஊரிலுள்ள ஆட்களுக்கு அல்ல, எனக்கென்று ஒரு கதவு செய்து வைத்திருந்தாள். அதை நான் ஊராரிடம் கொண்டுபோய் என்னுடையது என்று நீட்டிவிட்டு வந்திருந்தேன்.

வந்த காரியம் முடிந்தது. கிளம்பியிருப்பேன். அப்போது உள்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். நிலையத்தின் அறிவிப்பாளர். ரயில் இத்தனை நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல். வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னக்கா இது அநியாயம்? நாலு நாளா அந்தக் கலங்கரை விளக்கத்துல ஏற முடியல. படிக்கட்டு கிட்ட போனாலே 'மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்காருங்கள்'னு சொல்லுது!"

"சொன்னா உக்கார வேண்டியதுதானே. நீ உக்காந்தியா?"

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் மூலையிலிருந்த சின்ன மேசைக்கு ஓடினாள். அங்கே பழைய மடிக்கணினி ஒன்று திறந்திருந்தது. அதன் முதுகுதான் என் பக்கம் தெரிந்தது.

"அது என்னக்கா?" என்றேன்.

"கேமு. இது பதினோராவது."

"நீ எழுதினதா?"

"பின்ன? ஸ்டேஷன்ல பாதிப் பேரு விளையாடியிருக்காங்க. ஸ்டேஷன் மாஸ்டர் அஞ்சாவதை முடிச்சுட்டுக் கண் கலங்கிட்டாரு. எதிர்ல மருந்துக் கடைக்காரரு எழுத்துப்பிழை பாத்துக் குடுப்பாரு."

"எப்பலேருந்து எழுதுற?"

"எப்ப நிறுத்தினேன்?"

ஒடிந்தது என் கை என்று வேண்டுமானால் சொல்லலாம், அவள் கை ஒடியவே இல்லை. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. வெட்கம் வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "பதினொண்ணு எழுதியிருக்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நான் இந்த மாதிரி ஒண்ணு கிடைக்காதான்னு நாயா அலைஞ்சுக்கிட்டிருக்கேன். மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியுது, கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா?"

அக்கா ஒரு குடையின் அட்டையை நேராக்கினாள். "கூடப்பிறந்தவன் கையில ஒண்ணு குடுத்து அனுப்பினேனே. அது என்ன ஆச்சு?"

அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுமா?" என்றேன்.

"பரிசு வாங்கினதையெல்லாம் ஒரு வாரம் மக்கள் பார்வைக்கு வச்சிருந்தாங்கல்ல? காமாலை தெளிஞ்ச கையோட போனேன், உன் காலண்டரைப் பாக்கலாம்னு. ஒரு பொண்ணு உக்காந்து விளையாடிக்கிட்டு சிரிச்சா. எட்டிப் பாத்தா என் வீடு. மேல அட்டையில உன் பேரு."

"ஏன் சொல்லல? அப்பாகிட்டயாவது..."

"சொன்னா உன் சீட்டு போயிடும். என் பேருக்கு மாத்திக் குடுப்பாங்களா, இல்ல ரெண்டு பேருக்கும் இல்லன்னுடுவாங்களான்னு தெரியல. பெரிய மனசுன்னெல்லாம் நினைச்சுக்காத. உன்ன மிதிக்கணும்னு ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் இந்த வேலை வந்துடுச்சு, கிளம்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன சொன்னேன் என்று கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்ததையும், மறுபடியும் 'நான்தான்' என்று சொன்னதையும், விடையைக் கறக்கத்தான் வந்தேன் என்பதையும் எல்லாம் கக்கினேன். இரண்டாவது தடவையும் திருட வந்திருக்கிறேன் என்று கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியது. முதல் தடவையைப் பற்றிப் பேசும்போது அது சுருங்கவில்லை.

அங்கேயே நின்று அருங்காட்சியகப் பெண்ணுக்குத் தொலைபேசி போட்டேன். "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். அதை நான் எழுதல. எங்கக்கா எழுதினது. அவங்க பேர்ல நான் கொடுக்க வேண்டியதை என் பேர்ல கொடுத்தேன். ரிஜிஸ்டர்ல இருக்கறது திருட்டுப் பேரு. எழுத்துல வேணும்னாலும் தர்றேன்" என்றேன். "அவங்க இருக்காங்களா சார்? பேசலாமா?" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா வாங்கிப் பேசினாள். முதலில் கூச்சமாக, பிறகு கையை ஆட்டி ஆட்டி. "ஆமாம்மா, சனிக்கிழமை ட்யூட்டி மாத்திக்கறேன்... இல்லல்ல, அந்த ஆறாவது கதவுல ஒரு தப்பு இருக்கு, எனக்கு அப்பவே தெரியும், திருத்த நேரமில்ல..." என்று பத்து நிமிடம். அவள் முகத்தில் அந்தக் குளிர் அறையின் இருபத்தொரு வயதுப் பெண் வந்துவிட்டுப் போனாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சரிசெய்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன். எவ்வளவு சீக்கிரம் நான் என்னை மன்னித்துக்கொள்கிறேன் பாருங்கள்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "அக்கா, அந்தப் பதினொண்ணையும் எனக்குக் குடேன். ஒண்ணொண்ணா விளையாடுறேன். யார்கிட்டயும் காட்ட மாட்டேன், சத்தியமா."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வேணாம்டா."

"இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போச்சு. ஒவ்வொண்ணு முடிக்கறப்பவும் உன் ஞாபகம்தான் முதல்ல வரும். இத தட்டுவான், இந்த இடத்துல சிரிப்பான்னு. குடுக்கலாம்னு எடுத்துக்கூட வச்சிருக்கேன், ரெண்டு மூணு தடவை. கை வரல. இப்பவும் வரல. பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்ல" என்றேன்.

"வீட்டுக்கு வா, சாப்பிடு, பேசு. இது மட்டும் கேக்காத."

வெளியே ஏதோ ரயில் வந்து நின்றது. குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தேடி ஓர் அம்மா வந்தார். அக்கா எழுந்து, எந்தக் கால், எது தேய்ந்திருக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினாள். நான் கிளம்பாமல் மேசைக்கு இந்தப் பக்கமே நின்றேன். மூலையில் அறிவிப்பாளர் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டினாள், நிறுத்தினாள், வாசித்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி அங்கே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.